இரவல்காரம்மா

எங்கள் வீட்டுக்குச் சொந்தமாக ஒரு அலுமினிய ஏணி உண்டு என்று என் மனைவி சொல்லுவாள். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. வாங்கி வந்த அன்று அதைக் கடை வண்டியிலிருந்து இறக்கி, காம்பவுண்டுச் சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் எதிர்வீட்டு அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்து நின்றார்.

"புது ஏணியா சார்? அழகா இருக்கு. கொஞ்சம் கொடுங்களேன், ஃபேன் துடைக்கணும்."

கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த ஏணியை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அம்மன் கோயிலில் வேப்பிலைத் தோரணத்துக்கு அடியில். பள்ளிவாசல் வாசலில் சீரியல் லைட் கட்டும்போது. ஒருமுறை செம்பாக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு மொட்டைமாடிக்குப் போகும் வழியில். கல்யாண மண்டபத்தில் தூரத்து உறவைப் பார்த்த மாதிரி, 'சௌக்கியமா?' என்று மனசுக்குள் விசாரித்துவிட்டு வந்துவிடுவேன்.

இப்படித்தான் அவருக்கு எங்கள் தெருவில் இரவல்காரம்மா என்று பெயர் வந்தது. நிஜப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இப்போது நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே எத்தனை ஏணிகள் காணாமல் போயிருக்கின்றனவோ. பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். "பரவாயில்ல சார், கடன்காரின்னு வைக்காம விட்டாங்களே" என்று சிரித்தார். அதுவும் உண்மைதான். யாரிடமும் பணம் மட்டும் கேட்கமாட்டார். பணத்தைக் கேட்டால் மனிதர்கள் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்களாம். இட்லிப் பானையைக் கேட்டால் அப்படி இல்லையாம்.

தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவர். வேலைக்காலம் முழுக்கக் கண்ணாடி ஓட்டை வழியாகவே பேசியதால், வீட்டுக் கூடத்தில் பேசினாலும் வரிசையின் கடைசி ஆளுக்குக் கேட்கிற மாதிரிதான் பேச்சு வரும். நறுக்கென்று கேட்டு நறுக்கென்று பதில் வாங்கிப் பழக்கம். நான் ஒரு ஜோக்கை ஆரம்பித்து, பாதி தூரம் போய், கைத்தட்டலுக்கு முகத்தைத் தயார் செய்துகொண்டிருக்கும்போது, "சரி சார், அடுத்தது?" என்பார். ஒரு ஹாஸ்யக்காரனாக நான் வளராமல் போனதற்கு முதல் காரணம் என் மனைவி, இரண்டாவது இந்த அம்மா.

இரவல் வாங்கிய பொருளைத் திருப்பித் தருவதில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. கொடுத்தவர்களுக்குத் தரமாட்டார். அடுத்து யார் கேட்டார்களோ அவர்களுக்குத் தந்துவிடுவார். எங்கள் மிக்ஸி ஜார் வேண்டுமென்று போய் நின்றால், "அது மூணாவது தெரு வாத்தியார் வீட்டுல இருக்கே. போய் வாங்கிக்கோங்க. நல்ல மனுஷங்க, காபி கொடுப்பாங்க" என்று வழி சொல்லுவார். நம்முடைய ஜாரை வாங்க நாம் தெரியாத வீட்டுக் காலிங்பெல்லை அழுத்த வேண்டும். அவர்கள் அசடு வழிய, நாமும் அசடு வழிய, நடுவில் காபி வரும். ராஜகீழ்ப்பாக்கத்தின் எங்கள் பகுதியில் எனக்குத் தெரிந்த மனிதர்களில் பாதிப் பேரை நான் என் சொந்தப் பாத்திரங்களைத் தேடிப் போனபோதுதான் தெரிந்துகொண்டேன்.

"ஏம்மா, உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே, எல்லாத்தையும் சொந்தமா வாங்கிடலாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாங்கலாம் சார். வாங்கிட்டு என்ன பண்ணட்டும்? கதவைச் சாத்திட்டு உட்காரட்டுமா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்க சர்ச்சுல கிறிஸ்துமஸுக்கு ஏழைங்களுக்குப் போர்வை கொடுக்கப் போவோம். கதவைத் திறப்பாங்க, வாங்குவாங்க, கும்பிடுவாங்க, மூடிடுவாங்க. அவ்வளவுதான். அடுத்த வருஷம் போனாலும் அவங்க பேர் நமக்குத் தெரியாது. அதே வீட்டுல போய் ஒரு சுத்தியல் கொடுங்கன்னு கேட்டுப் பாருங்க. உள்ள வந்து உட்காருங்கம்மாம்பாங்க."

இது தத்துவமாயிற்றே, இதை வைத்து ஒரு ஜோக் சொல்லலாமே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கள் தேங்காய்த் துருவியோடு தெருமுனை தாண்டியிருந்தார்.

அவர் இரவல் வாங்கிய பொருட்களில் நானும் ஒன்று. ஒருநாள் காலையில் வந்து என் மனைவியிடம்தான் கேட்டார். "ரேவதி, உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் கொடேன். மத்தியானத்துக்குள்ள அனுப்பிடறேன்."

"அவசரம் இல்ல ஆன்ட்டி, மெதுவா அனுப்புங்க" என்றாள் அவள்.

எதற்காக என்று சொல்ல, முதலில் சுக்ராம் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவின் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு பழைய வீடு. வீட்டுக்காரர் கீழ்க்கட்டளையில் இருக்கிறார். நீளமான முன்கூடம், அதற்குப் பின்னால் இரண்டு சிறிய அறைகள். அப்படிக் கட்டியவருக்கு என்ன யோசனையோ, யாரும் குடிவரவில்லை. ஒருநாள் மினி லாரியில் சிலர் வந்து இறங்கினார்கள். ஜார்க்கண்ட்காரர்கள், கட்டட வேலை. டைல்ஸ் ஒட்டும் சுக்ராம், அவன் மனைவி ஃபூல்மணி, மகள் ரீனா, கூட நான்கைந்து இளைஞர்கள். அதுவரை முடிச்சூரில் வேலை நடக்கிற இடத்திலேயே தகரக் கொட்டகையில் இருந்தார்களாம். மழை பெய்தால் அங்கே தண்ணீர் உள்ளே வந்துவிடும். வெளியே போகிறதென்றால் தண்ணீர் தன் இஷ்டப்படிதான் போகும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாமான் அடுக்கின் மேல் உட்கார்ந்திருப்பார்களாம்.

அவர்கள் இறங்கியபோது எங்கள் தெரு முழுக்க ஜன்னல்களுக்குப் பின்னால் நின்றது. நானும் நின்றேன். பார்வைக்குத் திரைச்சீலையைச் சரிசெய்கிற பாவனை. எதிர்வீட்டு அம்மா மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே போனார். அவருக்குத் தெரிந்த ஹிந்தி முழுக்க டிக்கெட் கவுன்ட்டர் ஹிந்தி. எங்கே போகணும், எத்தனை பேர், சில்லறை இல்லை. இதற்கு மேல் அந்த மொழியில் எதுவும் இருப்பதாக அவர் கருதியதில்லை. நேரே சுக்ராம் முன்னால் நின்று, "கஹாங் ஜானா?" என்றார்.

எங்கே போகணும் என்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன சொல்லுவான்? மூட்டையோடு திருதிருவென்று விழித்தான். பிறகு, எங்கேயும் இல்லை, இங்கேதான் என்று கையால் வீட்டைக் காட்டினான்.

"கித்னா ஆத்மி?"

விரல்களைக் காட்டினான்.

"நல்லது" என்று தமிழுக்கு வந்துவிட்டார். "ஏணி இருக்கா?"

ஏணியைச் சைகையில் ஏறிக் காட்டினார். அந்த வயதில், காட்டன் புடவையில், நடுத்தெருவில் அவர் ஏறிய ஏணியைப் பார்த்துத்தான் ஃபூல்மணி முதன்முதலாக எங்கள் ஊரில் சிரித்தாள். சாரத்துக்குக் கட்டுகிற மூங்கில் ஏணி ஒன்று அவர்களிடம் இருந்தது. சுக்ராமே தூக்கி வந்து எதிர்வீட்டில் வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனான்.

அவர் சர்ச்சிலிருந்து இரண்டு பேர் மறுநாள் விசாரிக்க வந்தார்கள். வாசலில் நின்று பேசியது எனக்குக் கேட்டது. கேட்காமல் இருக்க வேண்டுமானால் நான் குரோம்பேட்டைக்குப் போயிருக்க வேண்டும்.

"அவங்க நம்ம ஆளுங்களாக்கா? அந்தப் பக்கத்துல நெறைய பேர் கிறிஸ்டியன்ஸ்னு சொல்றாங்களே."

"தெரியாது, நான் கேட்கல."

"வேற என்ன கேட்டீங்க?"

"ஏணி."

அந்த வீட்டு நீளக் கூடம் அவர் கண்ணில் பட்டது சர்ச் ஸ்டோர் ரூமை இடித்தபோது. புதுக் கட்டடம் வருகிற வரை சர்ச்சின் பிளாஸ்டிக் நாற்காலிகளை எங்கே வைப்பது என்று கமிட்டி கூடிக்கூடிப் பேசிக்கொண்டிருந்தது. இவர் ஃபூல்மணியிடம் போய், "உன் ஹாலைக் கொஞ்சம் இரவல் கொடேன்" என்று கேட்டு வாங்கிவிட்டார். நாற்காலிகள் வந்தன. அம்மன் கோயில் மடப்பள்ளி ஒழுகியதால் ஆடிக் கூழ் காய்ச்சுகிற அண்டாக்கள் அடுத்து வந்தன. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கான தேக்சாக்களையும் வாளிகளையும் வைக்க இடம் போதவில்லை என்று அதன் நிர்வாகி பாய் எப்போதோ சொன்னது இவருக்கு ஞாபகம் இருந்தது. அவையும் வந்தன. அசோசியேஷனின் ஷாமியானாத் துணி வந்தது. தெருவில் யார் வீட்டில் எது அதிகமோ அதுவும் வந்தது. ரீனா நாற்காலி அடுக்குக்கும் அண்டாவுக்கும் நடுவில் வீட்டுப்பாடம் எழுதினாள்.

வாடகை கொடுத்துவிட்டு மற்றவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவில் வாழ்கிறார்களே என்று எனக்கே சங்கடமாக இருந்தது. ஃபூல்மணியிடம் கேட்டேன். அதற்குள் அவளுக்குத் தமிழ் வந்திருந்தது.

"கொட்டகையில இருந்தப்ப யாரும் வரமாட்டாங்க அண்ணா. இப்ப தினம் யாராச்சும் வராங்க. அண்டா வேணும், சேர் வேணும். நான் உட்காரச் சொல்லுவேன். உட்காரச் சேரும் இருக்குது" என்று சிரித்தாள்.

ஆடியில் கூழ் துழாவ சுக்ராமும் மற்ற பையன்களும் போனார்கள். பூசாரி அவர்களை முதல் வரிசையில் உட்காரவைத்து ஊற்றினார். நோன்பு மாதத்தில் சாயங்காலம் கஞ்சி வாங்கத் தூக்கோடு நிற்கிற கூட்டத்தில் ரீனாவும் நிற்பாள். சர்ச் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஃபூல்மணி செய்து கொடுத்த அரிசிப் பலகாரத்தைப் பாஸ்டரே ஏலம் எடுத்தார். என்னைவிட அவள் எடுத்த பெயர் அதிகம். நான் கொடுத்த பூசணிக்காயை என் மனைவிதான் வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தாள்.

நான் இரவல் போனது ரீனாவைப் பள்ளியில் சேர்க்கத்தான். அரசுப் பள்ளியில், உள்ளூர்க்காரர் யாராவது கூட வந்தால் நல்லது என்று சொன்னார்களாம். தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "நீங்க குழந்தைக்கு யாரு?" என்றார். நான் சுக்ராமைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். "இரவல் மேடம்" என்றேன். என் வாழ்க்கையிலேயே சரியான இடத்தில் விழுந்த ஜோக் அது ஒன்றுதான். அந்த அம்மா சிரித்துவிட்டார். சேர்த்தும் விட்டார். அதற்குப் பிறகு ரீனா தெருவில் என்னைப் பார்த்தால் 'இரவல் தாத்தா' என்று கூப்பிடுவாள். தாத்தா என்பதில் மட்டும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வீடியோ வந்தது.

எங்கள் அசோசியேஷன் வாட்ஸப் குழுவில் தலைவரின் மனைவி அதைப் போட்டார். யாரோ ஒருவனைப் பத்துப் பேர் பிடித்து வைத்திருக்கிறார்கள். குழந்தை கடத்துகிறவன், வடக்கிலிருந்து வந்தவன் என்று குரல் சொல்லுகிறது. எந்த ஊர், எப்போது, ஒன்றும் கிடையாது. அடுத்த தெருவில் ஒரு பையனை ஒரு மாலை நேரம் காணவில்லை என்று அமளி. அவன் டியூஷனில் இருந்தான். கண்டுபிடித்த பிறகும் பயம் மட்டும் வீட்டுக்குத் திரும்பவில்லை. 'நம்ம தெருவுலயும் இருக்காங்களே' என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கட்டைவிரல்கள் விழுந்தன. தலைவர், பெரிய ஆபீஸில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு சாயங்காலம் கூட்டம் என்று அறிவித்தார். பொருள்: கடைசி வீட்டுக்காரர்களைக் காலி செய்யச் சொல்லி வீட்டு ஓனருக்குத் தீர்மானம் அனுப்புவது. ஓனர் கீழ்க்கட்டளையிலிருந்து, தெருவே சொன்னால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

நான் அசோசியேஷன் இணைச் செயலாளர். தேர்தல் அன்று நான் ஊரில் இல்லை, அதனால் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இணைச் செயலாளரின் வேலை நாற்காலி ஏற்பாடு செய்வது. நாற்காலிகள் எங்கே இருந்தன என்பதைத்தான் முன்னமே சொல்லிவிட்டேனே.

வாசலில் நின்று கேட்டேன். "ஃபூல்மணி, ஞாயித்துக்கிழமை கொஞ்சம் சேர் வேணும்மா."

"என்ன மீட்டிங் அண்ணா?"

"தண்ணி லாரி விஷயம்" என்றேன். பொய் சொன்னால் எனக்குக் காது சிவக்கும் என்பது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவள் என் காதைப் பார்த்துவிட்டு, "எடுத்துக்கோங்க அண்ணா" என்றாள்.

அன்றே எதிர்வீட்டு அம்மா என் ஸ்கூட்டரை இரவல் கேட்டார், ஓட்டுநரோடு. முதலில் பள்ளிவாசலுக்குப் போனோம். நிர்வாகி பாய் வெளியே வந்தார்.

"பாய், ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வந்து உங்க பாத்திரத்தை எடுத்துக்கணும்."

"எதுக்கும்மா திடீர்னு?"

"அந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்களாம். பாத்திரம் தெருவுல நிக்கக் கூடாது பாருங்க."

"பாத்திரம் கிடக்கட்டும்மா. அந்தப் புள்ளைங்க எங்க போவாங்க?"

"அதைப் பேச நான் வரல பாய். பாத்திரத்துக்குத்தான் வந்தேன்."

அம்மன் கோயில் பூசாரியிடமும் இதே பாட்டு. அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னாம்மா சொல்ற? மடப்பள்ளி இன்னும் ஒயிகினுதான் கீது. அண்டாவ நான் எங்க வச்சிக்கினு பேஜார் படறது? யாரு அந்தத் தலைவரு, வரேன் இரு." பாஸ்டரிடமும் போனோம். அவர், "நான் வந்து பேசணுமா சிஸ்டர்?" என்றார். "பேச வேண்டாம் ஐயா, சேரை எடுத்துக்கிட்டா போதும்" என்றார் இவர்.

திரும்பி வரும்போது, "நேராவே அவங்களுக்காகப் பேசச் சொல்லலாமே?" என்றேன்.

"பேசச் சொன்னா யோசிப்பாங்க சார். நம்ம ஜனமா, என்ன ஆகும், யாரு கோச்சுப்பாங்க. அவங்கவங்க சாமானுக்குன்னா உடனே வருவாங்க. வந்துட்டா கண்ணால பார்ப்பாங்க இல்ல?" வண்டி மேட்டில் ஏறி இறங்கியது. "பள்ளம் பார்த்து ஓட்டுங்க. அடுத்தது?"

அடுத்தது ஒன்றுமில்லை, வீடுதான். ஆனால் அன்றைக்கு அவர் குரல் வரிசையின் கடைசி ஆளுக்குக் கேட்கிற குரலாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போவதற்கு முன்பே தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய பூங்காவில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. சுக்ராமும் பையன்களும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தலைவருக்கு மட்டும் கை வைத்த நாற்காலி. துடைத்தும் இருந்தார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக, "பரவாயில்லையே, இந்தத் தடவை ஏற்பாடு பிரமாதம்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டேன்.

தலைவர் பேசினார். "தனிப்பட்ட முறையில எனக்கு யார் மேலயும் விரோதம் கிடையாது. இது செக்யூரிட்டி மேட்டர். நம்ம வீட்டுக் குழந்தைங்க இருக்கு, வயசானவங்க இருக்காங்க."

"அந்த வீடியோ எந்த ஊரு சார்?" என்றார் பாய், பின்வரிசையிலிருந்து.

"எந்த ஊரா இருந்தா என்ன? நடக்குதில்ல?"

"நம்ம தெருவுல நடந்துதா?"

"நடந்தப்புறம் கூட்டம் போட்டு என்ன சார் பிரயோஜனம்?"

இதற்குப் பாய் ஏதோ சொல்ல, பூசாரி எழுந்திருக்க, நாலு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தபோது, எதிர்வீட்டு அம்மா முன்னால் வந்தார். வாதாடப் போகிறார் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் வாதாடவில்லை.

"தீர்மானம் எப்ப வேணா போட்டுக்கலாம். எல்லார் வீட்டுச் சாமானும் அங்க கிடக்கு. முதல்ல வந்து அவங்கவங்களது எடுத்துக்கோங்க. அப்புறம் காணோம்னு எங்கிட்ட வரக் கூடாது."

கூட்டம் எழுந்து அந்த வீட்டுக்குப் போனது. பொருள் என்று வந்துவிட்டால் எங்கள் தெருவுக்கு ஒற்றுமை தானாக வந்துவிடும்.

கூடத்துச் சாமான்கள் எல்லாம் ஏற்கெனவே வாசலுக்கு வந்திருந்தன. அண்டாக்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திருந்தார்கள். தேக்சாக்கள் ஒன்றுக்குள் ஒன்றாக. ஷாமியானாத் துணி மடித்து. தெருவாரின் முக்காலிகள், ஸ்டூல்கள், ஒரு குழந்தை நடைவண்டி, ஒரு பழைய ஆட்டுக்கல். உடனே ரகளை ஆரம்பித்தது. ஒரே ஸ்டூலை இரண்டு வீட்டார் பிடித்துக்கொண்டார்கள். வாத்தியார், "இது எங்க வீட்டு நடைவண்டி, பேத்திக்கு வாங்கினது" என்றார். "உங்க பேத்தி பொறக்கறதுக்கு முன்னாடியே இது எங்க வீட்டுல இருந்தது சார்" என்றார் ஒருத்தர். சர்ச் வாளியில் பள்ளிவாசல் பெயரும், பள்ளிவாசல் கரண்டியில் அசோசியேஷன் பெயரும் இருந்தன. இத்தனை வருஷ இரவலில் எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தலைவரே, தன்னுடையது என்று ஒரு சல்லடையை எடுத்து, அவர் மனைவி, "அது நம்மளது இல்லீங்க" என்று அதட்டியதும் கீழே வைத்தார்.

நானும் ஏதாவது நம்முடையது அகப்படுகிறதா என்று குனிந்து தேடிக்கொண்டே போனேன். கதவோரம் வரிசையாக மூன்று மூட்டைகள் இருந்தன. ஒரு டைல்ஸ் கட்டர், கயிறு சுற்றி. அவற்றின் மேல் ரீனாவின் பள்ளிக்கூடப் பை, பக்கத்தில் அவள் செருப்பு ஜோடியாக.

நிமிர்ந்தேன். என்னைப் பார்த்து இன்னொருவர் பார்த்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள். பேச்சு ஒவ்வொரு இடமாக நின்றது.

உள்ளே கூடம் வெறுமையாக, பெருக்கித் துடைத்து இருந்தது. சுக்ராம் வெளியே வந்தான். குளித்துத் தலை வாரியிருந்தான்.

"நாங்க காலையில போயிடறோம் சார்" என்றான் தலைவரிடம். "முடிச்சூர்ல கொட்டகை இருக்குது. எல்லாம் சரியா இருக்கா, பாத்துக்கோங்க சார்."

தலைவர், "இல்லப்பா, இது... நாங்க இன்னும் தீர்மானம்..." என்று ஆரம்பித்து, வாக்கியத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல் நின்றார்.

நான் எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்தேன். அவர்தானே எல்லாவற்றையும் திட்டம் போட்டவர், இதற்கும் ஏதாவது வைத்திருப்பார் என்று நினைத்தேன். அவர் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமானை எடுத்துக்கொள்ள வாருங்கள் என்று ஊரையே கூப்பிட்டவருக்கு, அந்த வீட்டுக்காரர்களும் தங்கள் சாமானைக் கட்டிவைத்திருப்பார்கள் என்று தோன்றவில்லை போலிருக்கிறது. ஸ்டூல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்துவிட்டார். அவர் யார் வீட்டிலும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஆடிக்கு அண்டா இங்கதான் இருக்கும், சொல்லிட்டேன்" என்றார் பூசாரி, யாரிடமோ. குரல் பலமாக இருந்தாலும் அவருக்கே போதவில்லை. பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்டர் பக்கத்தில் வந்து ரீனாவின் தலையில் கை வைத்தார். அவள் அம்மாவின் புடவைக்குள் ஒதுங்கினாள்.

அப்போது தலைவரின் மனைவி முன்னால் வந்தார். முகம் சரியில்லை. கையில் செல்போன் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

"ஃபூல்மணி" என்றார். அவருக்குப் பெயர் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். "உங்கிட்ட சப்பாத்திக் கட்டை இருக்கா?"

ஃபூல்மணி அவரைப் பார்த்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுல சப்பாத்தி. எங்களது உடைஞ்சிடுச்சு. செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து கொடுத்துடறேன்." கொஞ்சம் நிறுத்தி, "இங்கயே கொண்டுவந்து கொடுக்கறேன். இருப்பேல்ல?"

"ஏம்மா, இந்த நேரத்துல..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க."

ஃபூல்மணி சுக்ராமைப் பார்த்தாள். அவன் தலைவரைப் பார்த்தான். தலைவர் செருப்பைப் பார்த்தார். பிறகு, அதிகாரியாக இருந்த காலத்தில் கோப்புகளுக்குச் சொன்ன அதே தோரணையில், ஆனால் மெதுவாக, "கொடும்மா" என்றார்.

சப்பாத்திக் கட்டை நடு மூட்டையில், அடியில் இருந்தது. ஃபூல்மணி தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். இறுகக் கட்டியிருந்ததால் பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. போர்வையை எடுத்து வெளியே வைத்தாள். ரீனாவின் யூனிஃபார்ம். ஒரு குக்கர். அரிசி டப்பா. சாமி படம் ஒன்று. எந்தச் சாமி என்று எட்டிப் பார்க்க என் கழுத்து நீண்டது, அவள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். தோசைக்கல். ஒவ்வொன்றாக வெளியே வந்து, துடைத்த தரையில் பரவியது. நாங்கள் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.